மேகத்தின் மேல் போட்ட பழி

மார்ச் 3, திங்கள்

காலை ஷிஃப்ட். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன வேலை என்று கேட்டார். மின்சாரக் கட்டுப்பாட்டு அறை என்றேன். "ஓ, கரண்ட்ட நிறுத்தறது நீங்கதானா?" என்றார். இருபத்தாறு வருஷமாக நிற்காமல் பார்த்துக்கொள்கிறேன், அதை ஒருத்தரும் கேட்பதில்லை. ஊர் எந்த நிமிஷம் எவ்வளவு கேட்கிறதோ, அந்த நிமிஷம் அவ்வளவு கொடுக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அவ்வளவுதான் என் வேலை.

பத்து மணிக்குத் தலைமைப் பொறியாளர் கூப்பிட்டார். எரிபொருள் மாற்றுவதற்காக அணு மின்நிலையம் பதினேழாம் தேதியிலிருந்து நான்கு வாரம் நிற்கப்போகிறது. அந்த நான்கு வாரமும் காற்றாலை, சோலார், பேட்டரி இவற்றை வைத்தே முடிந்தவரை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். பற்றாக்குறைக்கு மட்டும் பக்கத்து மண்டலத்திலிருந்து வரும் மின்தடம். எல்லாம் முடிந்ததும் நான் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அந்தப் பழைய நிலையத்துக்கு இன்னும் இருபது வருஷம் அனுமதி கொடுப்பதா, இல்லை மூடிவிட்டுக் காற்றையும் வெயிலையும் நம்புவதா என்று வாரியம் அதைப் படித்துத்தான் முடிவெடுக்கும்.

"உங்க தம்பி அங்கதான வேலை செய்யறாரு? அதுல ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல சார்."

சங்கடம் இல்லையாம்! மூடினால் ஐம்பது வயதில் அவன் எங்கே போய் வேலை தேடுவான்?

மார்ச் 5, புதன்

தம்பி சாப்பிட வந்தான். செய்தி எனக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மகளும் வந்திருந்தாள். அவள் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் மாட்டும் கடை வைத்திருக்கிறாள். இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்த என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

"வாங்க வெயில் வியாபாரி. ராத்திரிக்கு என்ன விக்கறீங்க?"

"பேட்டரி விக்கறேன் மாமா. எரிச்சு முடிச்ச எரிபொருள நீங்க யாருக்கு விக்கறீங்க?"

"அத விக்க மாட்டோம். பத்திரமா வெச்சிருக்கோம்."

"எத்தன வருஷத்துக்கு?"

தம்பி நிதானமாகத் தண்ணீர் குடித்தான். அப்புறம் அவன் முறை. "எங்க மொத்த நிலையமும் நாலு மைதானத்துல அடங்கிடும். அதே கரண்ட்டுக்கு நீ எவ்ளோ தூரம் பேனல் விரிப்ப?"

"விரிக்கத்தான் மாடி இருக்கே! புதுசா ஒரு நிலையம் கட்ட உங்களுக்குப் பதினஞ்சு வருஷம். நான் ஒரு மாடிய ரெண்டு நாள்ல முடிச்சுட்டுப் போயிட்டே இருப்பேன்."

என் கணவர் பல் மருத்துவர். அதுவரை வாயே திறக்காதவர், "ரெண்டு பேரும் கத்தறப்ப நல்லாத் தெரியுது, ரெண்டு பேருக்கும் கடவாய்ப் பல்லுல சொத்தை" என்றார். அத்தோடு சண்டை முடிந்தது.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி போன் செய்து அறிக்கையில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னான். மகளும் செய்தாள். இருவரிடமும் "ஆகட்டும்" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

காலை 9:40. அணு மின்நிலையத்துக்கான எண் என் திரையில் மெல்ல இறங்கிப் பூஜ்யமானது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனாலும் இந்தத் தடவை அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் கேட்காமல், எப்போதும் அறுநூறு மெகாவாட் கொடுத்துக்கொண்டு மூலையில் கிடக்கும் நல்ல பிள்ளை அது.

தம்பி போன் செய்தான். "இறக்கியாச்சு அக்கா. இனிமே உன் காத்தக் கூப்பிட்டுக்கோ."

மார்ச் 20, வியாழன்

கூப்பிட்டேன், வந்தது! மூன்று நாளாகப் பேய்க்காற்று. மதியம் வெயிலும் சேர்ந்துகொண்டு மின்சாரம் மிச்சமாகி, நாமே பக்கத்து மண்டலத்துக்கு அனுப்பினோம். மகள் தன் மாமாவுக்கு ஒரு காற்றாடிப் படம் அனுப்பியிருக்கிறாள். அவன் பதில் போடவில்லையாம்.

மார்ச் 25, செவ்வாய்

ஞாயிறு காலையிலிருந்து இன்று மாலை வரை காற்றே இல்லை. வானமும் மூட்டம். பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும், மூன்று நாள் எப்படித் தாங்கும்? பக்கத்து மண்டலத்தின் மின்தடத்தை அதன் எல்லை வரை இழுத்துக்கொண்டு, நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு விளக்குகூட அணையவில்லை. அதனால் இது யாருக்கும் தெரியவும் இல்லை.

தம்பி: "என்னக்கா, காத்துக்கு லீவா?"

மார்ச் 27, வியாழன்

கிழக்குப் பாதி ஊரில் முப்பத்தெட்டு நிமிஷம் மின்சாரம் இல்லை. என் ஷிஃப்டில். என் கண் முன்னால்.

11:05-க்குப் பெரிய மேகக்கூட்டம் வந்தது. சோலார் விழுந்தது. மின்தடத்தில் பாரம் எல்லையைத் தாண்டியது. தானியங்கிக் கருவி கிழக்குப் பக்கத்தைப் பட்டென்று வெட்டிவிட்டது. போன் மேல் போன். கணவருடைய கிளினிக்கும் கிழக்கில்தான். ஒருவர் வாயைத் திறந்தபடி முப்பத்தெட்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தாராம். "ரொம்பப் பொறுமைசாலி, கோச்சுக்கவே இல்ல" என்கிறார் கணவர். வாயில் அத்தனை பஞ்சை அடைத்து வைத்தால் எப்படிக் கோபித்துக்கொள்வார்?

சிரிப்பு வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

பத்திரிகையில் கொட்டை எழுத்தில்: "மேகம் வந்தது, மின்சாரம் போனது."

தலைமைப் பொறியாளர் மேஜையில் அது விரித்துக் கிடந்தது, தன் வழக்கப்படி தலைப்பின் கீழ் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். "விடுங்கம்மா. மேகத்த யார் தடுக்க முடியும்? உங்க அறிக்கை தானே எழுதிக்கிச்சுன்னு வெச்சுக்கோங்க." வாரியத்திலும் அதே பேச்சுதானாம், வெயிலை நம்பினால் இதுதான் கதி என்று. இருபது வருஷ அனுமதி கிடைத்த மாதிரிதான்.

தம்பி குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "தப்பிச்சோம் அக்கா!" மகளிடம் மூன்று பேர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். எங்கள் வானிலைக் கணிப்பாளரை எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிடுவோம். கேன்டீனில் அவரைப் போட்டு ஓட்டோ ஓட்டென்று ஓட்டுகிறார்கள். பாவம், என்னிடம் வந்து, "ஒருவேளை மேகத்த நான்தான் கொறச்சு சொல்லிட்டேனோ மேடம்?" என்றார்.

அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

ஜோசியர் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. 10:20-க்கே அனுப்பிவிட்டார், கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டிலும் ஏறியிருக்கிறது. எவ்வளவு மேகம், எத்தனை மணிக்கு, எல்லாம் அச்சு அசலாக. தப்பு என்னுடையது.

மேகம் வந்தால் இரண்டு இடத்தில் அடிக்கும். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய சோலார் பண்ணையில் உற்பத்தி குறையும். அது என் திரையில் தெரியும். வீட்டு மாடிகளில் இருக்கும் நாற்பதாயிரம் பேனல்கள் என் திரையில் தெரியாது. வெயில் இருந்தால் அந்த வீடுகள் நம்மிடம் கேட்காது, மேகம் வந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கேட்கும். அதை நான்தான் கையால் கூட்டிப் போட வேண்டும். தினமும் போடுகிறேன், தூக்கத்தில்கூடப் போடுவேன். அன்றைக்குப் போடவில்லை. மேகத்தை ஒரு தடவைதான் கணக்கில் எடுத்தேன். போதாததற்கு, அந்த நேரத்தில் பேட்டரியை வேறு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தேன்! 10:40-க்கு அதை நிறுத்தியிருந்தால் ஒரு குண்டு பல்புகூட அணைந்திருக்காது.

ஏன் போடவில்லை? ஒரு காரணமும் இல்லை. மறந்துவிட்டேன்.

இப்போது என்ன செய்வது? பேசாமல் இருந்தால் தம்பி பிழைத்தான், என் நாற்காலியும் பிழைத்தது. பதிவேட்டை யார் புரட்டிப் பார்க்கப்போகிறார்கள்? சொன்னால், நிலையத்தை மூடச் சொல்கிறவர்கள் கைக்கு நானே விஷயத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி. கூடப் பிறந்தவன் வேலைக்கு நானே வேட்டு வைக்கவா? வேண்டாம்டியம்மா, வாயை மூடிக்கொண்டு இரு.

ஏப்ரல் 2, புதன்

வாயை மூட முடியவில்லை. கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சொன்னது: "நான் ஒரு தடவ தப்பான பல்லப் புடுங்கியிருக்கேன்."

"ஐயையோ! அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம? சரியான பல்லு இன்னும் வாய்க்குள்ள வலிச்சிட்டே இருந்துச்சே."

ஏப்ரல் 5, சனி

தம்பியை வரச்சொல்லி, நேரில் சொன்னேன். முதலில் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்து. அப்புறம் அவன் முகம் மாறியதைப் பார்க்க முடியவில்லை.

"அறிக்கையில எழுதப்போறியா?"

"எழுதாம எப்படிடா?"

"உன் மனசாட்சிக்கு என் வேலைதான் கெடச்சுதாக்கா? முன்னூறு குடும்பம் அங்க இருக்கு. நீ ஒரு வரி எழுதாம விட்டா யார் குடி முழுகிடும்?"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டான். நான் என்னடா பண்ணுவேன்? சின்ன வயசில் கண்ணாடியை நீ உடைத்தாய், அடியை நான் வாங்கினேன். இப்போ நான் உடைச்சிட்டேன், நீ வாங்குன்னு எப்படிச் சொல்லுவேன்? அழுகையா வருது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் தம்பி. கையில் மஞ்சள் நிறச் சீட்டுக்கட்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்கார்ந்தான், காபி கேட்டான், பேசினான். இவ்வளவு நாள் அவன் வேலையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒரு சங்கதி.

"எங்ககிட்ட தப்பு பண்ணினா அன்னைக்கே இதுல எழுதிப் பெட்டியில போடணும். பேர் வேணாம், யார்னும் கேக்க மாட்டாங்க. தண்டனையும் கெடையாது. மறைச்சாதான் தண்டனை. நானே பதினோரு சீட்டு போட்டிருக்கேன். எங்க நிலையம் இத்தன வருஷம் கெட்ட பேர் எடுக்காம ஓடுதுன்னா, அது கான்கிரீட்டால மட்டும் இல்லக்கா, இந்தச் சீட்டாலயும்தான். நீ உன் தப்ப மறைச்சு நிலையத்தக் காப்பாத்திட்டா, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அங்க சீட்டு எழுதுவேன்?"

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு சீட்டில் எழுதினோம். "மேகம் வந்தபோது" என்று ஆரம்பித்தேன். என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்தான். "மேகத்துல ஆரம்பிக்காத. 'நான்'னு ஆரம்பி."

ஏப்ரல் 14, திங்கள்

நிலையம் மறுபடி ஓடத் தொடங்கியது. அறிக்கையைக் கொடுத்துவிட்டேன்.

முதல் பத்தி: இருபத்தேழாம் தேதி நடந்தது என் தவறு. வெயிலின் தவறும் இல்லை, கணிப்பாளரின் தவறும் இல்லை. அதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இரண்டாம் பத்தி: நீங்கள் பார்க்க வேண்டியது இருபத்து மூன்றிலிருந்து இருபத்தைந்து வரை. விளக்கு அணையாததால் அந்த மூன்று நாளை யாரும் கவனிக்கவில்லை. காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, பக்கத்து மண்டலம்தான் நம்மை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டது. நாளைக்கு அவர்களும் காற்றையே நம்பினால்? அங்கே வீசுவதும் இதே காற்றுதான். ஆகவே நிலையத்தை இன்று மூடக் கூடாது. அதற்காக இருபது வருஷமும் வேண்டாம். நாம் பாட்டுக்குத் தூங்கிவிடுவோம், எரித்த எரிபொருளும் குவிந்துகொண்டே போகும். எட்டு வருஷம் போதும். அதற்குள் பேட்டரியை ஆறு மடங்காக்கி, இரண்டாவது மின்தடமும் போட்டாக வேண்டும்.

தலைமைப் பொறியாளர் நின்றுகொண்டே படித்தார். "உங்க பேர எதுக்கும்மா எழுதினீங்க?" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜோசியரிடம் மன்னிப்புக் கேட்டேன். மனிதர் குதித்தே விட்டார். "அப்போ நான் சரியாத்தான் சொன்னேனா!"

ஏப்ரல் 29, செவ்வாய்

வாரியம் எட்டு வருஷம் கொடுத்திருக்கிறது. தம்பி ஓய்வு பெற ஒன்பது வருஷம் இருக்கிறது. "ஒரு வருஷத்த எங்கக்கா முழுங்கிட்ட?" என்றான். மகளுக்கும் திருப்தி இல்லை: "எட்டு வருஷம் ஜாஸ்திம்மா." இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். ஒரே மேஜையில், ஒரே கட்சியாக! கேட்கவே நன்றாக இருந்தது.

என்னை ஷிஃப்டிலிருந்து ஆறு மாசத்துக்கு எடுத்துவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் என் குஷனை மட்டும் நாற்காலியில் விட்டுவர மனமில்லை, வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

மே 12, திங்கள்

புதிய வேலை: பயிற்சி வகுப்பு, கூடவே ஒரு பெட்டி. தம்பியின் நிலையத்து வழக்கத்தை நம் கட்டுப்பாட்டு அறையிலும் கொண்டுவரலாம் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். வாரம் ஒரு தடவை திறந்து சீட்டுகளைப் படிப்பது என் பொறுப்பு. நான் அன்றைக்கு எழுதிய சீட்டைப் படி எடுத்து முதல் ஆளாகப் போட்டேன். தொடங்கி வைக்க யாராவது வேண்டுமே.

மே 16, வெள்ளி

பெட்டியைத் திறந்தேன். என் சீட்டு மட்டும் இருந்தது.

மே 23, வெள்ளி

ஒரு டீக்கடை ரசீது. வேண்டுமென்றே போட்டார்களா, குப்பைத்தொட்டி என்று நினைத்தார்களா?

ஜூன் 6, வெள்ளி

ஏழு சீட்டு! ஒருவர் ஷிஃப்ட் மாறும்போது சொல்ல மறந்ததை எழுதியிருக்கிறார். ஒருவர் தப்பான பொத்தான் வரை விரலைக் கொண்டுபோய் நிறுத்தியதை எழுதியிருக்கிறார். பயிற்சிக்கு நல்ல தீனி, சந்தோஷமாகப் படித்துக்கொண்டே போனேன்.

ஏழாவது சீட்டில் மூன்றே வரி. "நான் மார்ச் 27 மாலை நான்கு மணிக்கே பதிவேட்டைப் படித்தேன். தவறு வானத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டேன். பத்திரிகைக்கு மேகம் என்று சொன்னேன்."

பெயர் இல்லை. ஒவ்வொரு வரியின் கீழும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. இந்தக் கட்டடத்தில் அப்படி எழுதுகிறவர் ஒரே ஒருவர்தான். அவர் கையெழுத்திட்ட குறிப்புகளை இருபத்தாறு வருஷமாகப் படிக்கிறேன்.

இன்னொரு தடவை படித்தேன். பிறகு மற்ற ஆறோடு சேர்த்துக் கோப்பில் வைத்தேன்.

மாலை ஆறு மணிக்கு லிஃப்டில் தலைமைப் பொறியாளரும் நானும்தான். தரைத்தளம் வரும்வரை இருவரும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்ததும், "நாளைக்குக் காத்து இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்" என்றேன்.