‘சின்னதுலயே போயிட்டா’ன்னு சொன்னது யார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். அப்பாவோட முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமா இருக்கணும். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனா நீ நடுவுல நடுவுல பேசுவே, எனக்குக் கோர்வை விட்டுப்போயிடும், அதான் உட்கார்ந்து எழுதுறேன்.

நம்ம குடும்ப வம்சாவளியை நீ இன்டர்நெட்டுல போட்டே இல்லையா, அதே மாதிரி என் மாமா பையனும் ஒண்ணு போட்டிருக்கார், அதான் கையில மைக் கிடைச்சா விடமாட்டாரேன்னு நீங்கள்லாம் மைக் மாமான்னு கூப்பிடுவீங்களே, அவர்தான். பல வருஷமா அலைஞ்சு திரிஞ்சு சேகரிச்சதுன்னு மேல பெரிய எழுத்துல தன் பேரு. பார்த்ததுமே எனக்கு மூக்கு வேர்த்துடுச்சு. ஆயுசு முழுக்கப் பரீட்சைப் பேப்பர் திருத்தினவ நான், ரெண்டு பேர் ஒரே சரியான விடை எழுதினா கண்டுக்கமாட்டேன், ஒரே தப்பை எழுதினா பெஞ்சுல யார் பக்கத்துல யார்னு பார்ப்பேன். எங்க தாத்தா தொழிலை நீ அவசரத்துல ‘தயல்காரர்’னு அடிச்சிருந்தே, அங்கேயும் ‘தயல்காரர்’. நீ ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் இதை யார் சொன்னாங்க, எப்படித் தெரியும்னு குறிச்சிருந்தியே, அது மட்டும் ஒண்ணைக்கூடக் காணோம், உன் பேரும் இல்லை. அப்பாகிட்ட சொன்னா, குடும்ப விஷயம்தானே யார் போட்டா என்னன்னார். அவருக்கு எல்லாமே யார் போட்டா என்னதான், காபியைத் தவிர.

அந்த வம்சாவளியைப் பெரிசா அச்சடிச்சு ஒரு ஹால் வாடகைக்கு எடுத்துச் சொந்தக்காரங்களை எல்லாம் கூப்பிட்டார் மைக் மாமா. நான் என் அக்காவையும் வரச் சொன்னேன். நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே அவளைப் பிள்ளையில்லாத தூரத்துச் சொந்தத்துக்குத் தத்துக் கொடுத்துட்டாங்கன்னு போன வருஷம் அவளே போன் பண்ணிச் சொல்லித்தானே நமக்குத் தெரியும். எங்கப்பா அம்மா கடைசிவரை வாயே திறக்கலை. பஸ்ஸுல டிக்கெட் பரிசோதகரா இருந்து ஓய்வு பெத்தவ, இப்பவும் யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எங்கேங்கிற பார்வைதான். சொந்தக்காரங்க முன்னாடி முதல் தடவையா வரப்போறோம்னு புதுப் புடவை கட்டிக்கிட்டு வந்தா. சுவர் முழுக்க ஒட்டியிருந்த படத்துல தன் பேரைத் தேடினா, நான் ஒரு எட்டு முன்னாடி போயிருக்கணும், போகலை. இருக்கிறவங்களுக்குப் பச்சைக் கட்டம், இறந்தவங்களுக்கெல்லாம் சாம்பல் கட்டம் போட்டிருந்தாங்க, அவ பேரும் சாம்பல் கட்டத்துல, ‘சிறு வயதில் இறந்தார்’னு.

அவ நேரா மைக் மாமாகிட்டப் போய் இதை எங்கேருந்து எடுத்தீங்கன்னு கேட்டா. பெரியவங்க சொன்னதுதாம்மான்னார். எந்தப் பெரியவங்கன்னு கேட்டா. எல்லாப் பெரியவங்களும்தான்னார். அவ திரும்பி என்னைப் பார்த்து, என்னைக் கொடுத்துட்டு ஊருக்குச் செத்துட்டேன்னு சொல்லி வெச்சாங்களா, உனக்கும் தெரியுமான்னு கேட்டா. நான் போனை எடுத்தேன். போன வருஷம் அவ போன் பண்ணினதும் நீ திருத்தினே இல்லையா, அதுக்கு முன்னாடி இருந்த உன் பழைய பக்கத்தைத் தேடிக் காட்டினேன். ‘இறந்திருக்கலாம்? சின்ன தாத்தா போனில் சொன்னது: அவ சின்னதுலயே போயிட்டா. சரிபார்க்கணும்.’ அந்தக் கேள்விக்குறியையும் மிச்சத்தையும் விட்டுட்டுத்தான் மனுஷன் எடுத்திருக்கார். அக்கா ரெண்டு தடவை படிச்சுட்டு, இதை நேத்துக்கூட எழுதியிருக்கலாமேன்னா. எனக்குக் கோபம் வந்தது, ஆனா அவ இடத்துல இருந்தா நானும் அதையேதான் கேட்டிருப்பேன். உன்மேலயும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், போயிட்டான்னா இறந்துட்டான்னு உனக்கு யார் சொன்னது, அப்பவே திருப்பிக் கேட்டிருக்கலாம்.

மறுநாள் ரெண்டு பேரும் எங்க சித்தப்பாவை, அதான் உன் சின்ன தாத்தாவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போனோம். சின்ன தாத்தா மாடி அறையில ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், காதுல மெஷின் இருந்தது. அவ யாருன்னு நான் சொல்லலை, சொல்லாமப் பார்ப்போம்னுதான் இருந்தேன். அவர் அவ முகத்தையே பார்த்துட்டு, வந்துட்டியா, நின்னுக்கிட்டே இருக்கியே உட்காருன்னார். அக்கா உட்காரலை. போன்ல என்னைப் பத்தி என்ன வார்த்தை சொன்னீங்கன்னு கேட்டா. போயிட்டான்னுதான் சொன்னேன், உசிரோட இருக்கிறவளைச் செத்துட்டான்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா, கொடுத்துட்டோம்னு யாராவது சொன்னா உங்கம்மா அன்னைக்குச் சாப்பிடமாட்டா, அதனால வீட்டுல எல்லாரும் போயிட்டான்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டோம், அதான் வாயில வந்துச்சுன்னார். அப்புறம்தான் அவ உட்கார்ந்தா.

மைக் மாமா இப்போ அவ கட்டத்தைப் பச்சையாக்கிட்டார், உதவிய அனைவருக்கும் நன்றின்னு ஒரு வரி, உன் பேரு இப்பவும் இல்லை. அவரைப் பார்த்து எடுத்தவங்க இன்டர்நெட் பக்கத்துல எல்லாம் உன் பெரியம்மா இன்னும் செத்துத்தான் கிடக்கா. ஒவ்வொருத்தருக்கா நீ எழுதிக் கேட்கணும், அலுத்துக்காதே. அவர் புதுசா எதையாவது சேர்த்தாலும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துப் போட்டுடாதே, எடுத்தா யார்கிட்டேருந்துன்னு எழுது, அந்த மனுஷன்கிட்டேருந்தா இருந்தாலும் எழுது, அவர் மாதிரி நாமளும் இருக்க வேண்டாம்.

திரும்பி வரும்போது அக்கா பஸ்ஸுலேருந்து இறங்குற இடத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டு உன்கிட்ட இதைச் சொல்லச் சொன்னா. அவ பேருக்குக் கீழே தத்துக் கொடுக்கப்பட்டார்னு எழுதணுமாம், சொன்னது சித்தப்பா, நேர்ல கேட்டது அக்காவும் தங்கையும்னு எழுதணுமாம். அம்மா சாப்பிடாம இருந்தான்னு அவர் சொன்னதையும் எழுதணுமாம், ஆனா அதுக்கு வேற சாட்சி கிடையாதுன்னும் சேர்த்து எழுதச் சொன்னா. அந்த ஒரு வரியை நம்புறதா வேண்டாமாங்கிறதை நான் பார்த்துக்கிறேன், எடுத்துடாம மட்டும் இருக்கச் சொல்லுன்னா.

இந்த வாரமே எழுதிடு, தள்ளிப்போடாதே. குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்க அன்பு. உன் கையும் மனசும் எப்பவும் நேரா இருக்கணும், அதுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா