சிமென்ட் பூசிய வாசல்

நேற்று தெருவில் புதுத் தளம் போட்டார்கள். ஈரச் சிமென்ட் வாசனை மூக்கில் ஏறியதும் உன் கடப்பாரைச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது, மச்சான்.

அறுபதுகளின் நடுவில், கடலூர் முதுநகரில் நான் கட்டிய வீட்டை ஒட்டி ஒரு குட்டை. ஊர்க் குப்பையைக் கொட்டிக் கொட்டியே அதைத் தூர்த்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன என் மனைவி, ஐந்தாம் மாதம் குழந்தையோடு சிதம்பரத்திலிருந்து திரும்ப இருந்தாள். நாற்றம் வரக்கூடாதென்று வாசலிலிருந்து குட்டையோரம் வரை மண்ணே தெரியாமல் சிமென்ட் பூசினேன். நாற்றம் அடங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கிணறு வெட்டும் என் சிநேகிதன் நீதான் அவர்களுக்குத் துணையாகப் பஸ்ஸில் வந்தாய். இரண்டு நாள் மழை அன்றுதான் விட்டிருந்தது. என் தங்கை ஆரத்தித் தட்டோடு வாசற்படிக்கு வந்தாள். படியோரத்து விரிசலில் தேங்கிய தண்ணீர் குமிழி விடுவதை நீ பார்த்துவிட்டாய்.

“கற்பூரத்த ஏத்தாத தாயி!” என்று கத்தியபடி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாய். எல்லோரையும் உன் அக்கா வீட்டில் விட்டுவந்து கதவு, ஜன்னலையெல்லாம் திறந்து போட்டாய். பிறகு என் சிமென்ட்டை உடைக்க ஆரம்பித்தாய்.

“என் வீட்டு நல்லது உனக்குப் பொறுக்கலையாடா?” என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன். நீ கடப்பாரையை இன்னும் ஓங்கிப் போட்டாய்.

மறுநாள், வீட்டிலிருந்து தள்ளி, குட்டையின் அந்தக் கோடியில் தோண்டிய குழியொன்றில் நீளக் கழியால் தீயைக் காட்டினாய். குப்பென்று நீலமாய் எரிந்தது.

“குப்ப மக்குனா எரியிற காத்து வரும் மச்சான். மேல மழத்தண்ணியும் உன் சிமென்ட்டும் மூடிக்கிச்சி. அது சும்மா கெடக்குமா? இங்க மணலு ஜாஸ்தி. பக்கவாட்டுல பூந்து உன் ஊட்டுக்குள்ள வந்துடிச்சி.”

குட்டைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆழமாக வாய்க்கால் வெட்டி, காற்று மேலே போக உடைகல்லால் நிரப்பினாய். நானும் கல் சுமந்தேன். அதற்குப் பிறகும் பல நாள் அந்தப் படியோரம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்ட விட்டாய்.

அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தேன். “சோறு ஆறுது, சாப்புடு மச்சான்” என்று அடக்கிவிடுவாய். கேட்காத மன்னிப்பும் சொல்லாத நன்றியும் என்னோடே தங்கிவிட்டன.

உன்னை அடக்கம் செய்த அன்று உன் வீட்டு வாசலில் என் மகள்தான் ஓவென்று அழுதாள். “அவுருக்கு நீ என்னம்மா வேணும்?” என்று யாரோ கேட்டார்கள்.

“எங்க மாமா” என்றாள். “எங்கப்பா ஊட்டுக்குள்ள என்ன நொழய உடாம தூக்கிக்கினு ஓடுனவரு.”