‘ஓய்வுபெற்ற பொறியாளர்’ என்ற கணக்கைப் பற்றி

அனுப்புநர்:
சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள்,
(தங்கள் இணையதளத்தில் ‘கொட்டாவி’ என்ற பெயரில் எழுதி வந்தவனின் அண்ணி),
சலவைக்கடை மாடி, நூலகத்துக்குப் பின் தெரு.

பெறுநர்:
தலைமை நூலகர் அவர்கள்,
பொது நூலகம்.

பொருள்: வாசகர் பக்கங்களில் ‘கொட்டாவி’ எழுதிய பக்கத்தைப் பூட்டியதையும், மாதக் கடைசியில் அழிக்கப்போவதாக அறிவித்திருப்பதையும் குறித்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் தளத்தில் ‘ஓய்வுபெற்ற பொறியாளர்’ என்ற பெயரில் கருத்து எழுதி வந்தவர் ஓய்வும் பெறவில்லை, பொறியாளரும் இல்லை. அது நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ‘கோபக்காரன்’, ‘நியாயஸ்தன்’, ‘வெளியூர்வாசி’, ‘மூன்று பிள்ளைகளின் தாய்’ ஆகிய நால்வரும் நானே. எனக்கு மூன்று பிள்ளைகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. நான் வளர்த்தது ஒரு கொழுந்தனை மட்டும்தான்.

2. அவன் என் வீட்டுக்காரருக்குக் கடைசித் தம்பி. நான் வாழ வந்த அன்று என் இடுப்பில் ஏறியவன், பால் பற்கள் விழும்வரை இறங்கவில்லை. வளர்ந்து கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதும் வேலைக்குப் போனான். எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டு கொட்டாவி விடுவான் என்பதால் அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். அதையே தன் பக்கத்துக்கும் வைத்துக்கொண்டான். வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, அன்றைய தொழில்நுட்பச் செய்திகளைப் பற்றி மனதில் பட்டதை எழுதுவான். படிப்பவர்கள் அதிகம் இல்லை. உண்மையைச் சொன்னால் யாருமே இல்லை. புதிதாகக் கடை திறந்தவன் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது போல அவன் அந்தக் காலிக் கருத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் வம்புக்கு இழுக்கும் ஆசையும் இருந்தது. அவன் கழித்துக் கொடுத்த பழைய போனில், ஒற்றை விரலால் தட்டி, அந்த ஐந்து பேரையும் பெற்றெடுத்தேன்.

3. அவன் எழுதியவை பெரிய ஆராய்ச்சிகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யாரையும் கெடுக்காதவை. ஒரு கம்பெனி தன் புதிய போன் முன்னைவிட மெலிந்துவிட்டது என்று மேடை போட்டு அறிவித்தபோது, “எங்க அண்ணிகூட வருஷா வருஷம் மெலியப்போறேன்னு அறிவிக்கறாங்க. யாராவது கை தட்டறாங்களா?” என்று எழுதினான். இனிமேல் புரோகிராமை இயந்திரமே எழுதிவிடும் என்ற செய்திக்கு, “என் வேலைய எடுத்துக்கட்டும். கூடவே திங்கக்கிழமை மீட்டிங்கையும் எடுத்துக்கணும். அது மட்டும் வேணாம்னா பேச்சுக்கே இடமில்ல” என்றான்.

அவனுக்கு உயிரான விஷயம் ஓப்பன் சோர்ஸ். எழுதிய புரோகிராமைப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கட்டும், திருத்தட்டும், எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்துவிடுவதாம். எடுப்பவர்கள் ஏற்க வேண்டிய நிபந்தனைக்கு லைசன்ஸ் என்று பெயராம். “முகம் தெரியாத ஒருத்தர் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு எழுதி, எடுத்துக்கோன்னு வெச்சுட்டுப் போறார். அதை வெச்சுத்தான் நான் சம்பளம் வாங்கறேன். ஒரு நன்றி சொன்னா வாய் வலிக்குமா?” என்று கேட்டிருக்கிறான். அப்படிப் பொதுவில் வைத்த ஒன்றை ஒரு நிறுவனம் பிற்பாடு தனக்கே என்று பூட்டிக்கொண்டபோது, “எல்லாரையும் சோப்பு போட வெச்சுட்டு குழாயை மூடற வேலை இது” என்று எழுதினான். இதைப் புரிந்துகொள்ளப் பொறியாளராக இருக்கத் தேவையில்லை என்பதற்கு நானே சாட்சி.

4. பொறியாளர் என்ற முறையில் நான் ஒருமுறை அவனிடம், “எல்லாத்தையும் சும்மா குடுக்கணும்னு எழுதறீங்களே தம்பி, உங்க சட்டையைத் தேய்ச்சுக் குடுக்கறவங்களுக்கு நன்றி சொன்னதுண்டா?” என்று கேட்டேன். அவன் உடனே, “ஐயா, அது எங்க அண்ணி. அவங்க லைசன்ஸ் வேற. சும்மாதான் தேய்ச்சுக் குடுப்பாங்க, ஆனா ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாங்க. அந்த நிபந்தனைய ஏத்துக்கிட்டுத்தான் போட்டுக்கறேன்” என்று பதில் எழுதினான். அவன் அறையில் இருந்தான், நான் கடையில் இருந்தேன். நடுவில் ஒரு மாடிப்படிதான். சிரித்த சிரிப்பில் யாரோ ஒருவருடைய காலர் கருகிவிட்டது. கோபக்காரனை அவன் பயந்து பயந்து சமாதானம் செய்வான். மூன்று பிள்ளைகளின் தாய்க்கு, பிள்ளைகள் கையில் எந்த வயதில் போன் கொடுக்கலாம் என்று பொறுமையாக விளக்குவான். பொறியாளரிடம் மட்டும் தனி மரியாதை. சாப்பிடும்போது என்னிடமே, “விவரமான பெரியவர் அண்ணி, ஆனா வாய் மட்டும் உங்களை மாதிரி” என்பான்.

5. பூட்டியதற்குத் தாங்கள் சொல்லும் காரணம் சரியானதே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து கணக்குகளும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து வந்திருக்கின்றன. அந்த இணைப்பு அவன் பெயரில் இருப்பது. ஆகவே, தன் பக்கத்தில் கூட்டம் காட்டுவதற்காக அவனே போலிப் பெயர்களில் எழுதிக்கொண்டான் என்று தங்கள் அலுவலகம் முடிவு செய்திருக்கிறது. இப்போது பக்கத்தைத் திறந்தால் அவன் பெயருக்கு மேல் சிவப்புப் பட்டையில் ‘போலிக் கணக்குகளால் நடத்தப்பட்ட பக்கம்’ என்று இருக்கிறது.

ஐயா, இந்தப் பொதுப் புரோகிராம்களுக்குப் பிடித்தவர்கள் நட்சத்திரம் போடுவார்களாம். சிலர் காசு கொடுத்துப் போலி நட்சத்திரங்களை மொத்தமாக வாங்குகிறார்கள் என்று செய்தி வந்தபோது அவன் எழுதியதைத் தாங்கள் தயவுசெய்து படித்துப் பார்க்க வேண்டும். “நான் பொதுவுல வெச்ச புரோகிராமுக்கு ஏழு நட்சத்திரம் இருக்கு. ஏழும் நிஜம். அதுல ஒண்ணு கை பட்டுத் தெரியாம விழுந்ததுன்னு போட்டவரே மெயில் அனுப்பிச் சொன்னார். அதையும் நிஜத்துலதான் சேர்ப்பேன்.” இப்படி எழுதியவன் பெயருக்கு மேலேதான் அந்தச் சிவப்புப் பட்டை.

அவனோடு வேலை பார்த்த பெண் துக்கம் விசாரிக்க வந்தாள். போகும்போது படியில் நின்று, “அக்கா, அவர் அப்படிப் பண்ணியிருப்பாரா?” என்று கேட்டாள். “அவன் பண்ணலம்மா, நான்தான்” என்றேன். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் ஒருத்திக்குச் சொல்லிவிட்டேன். பக்கத்தைத் திறந்து பார்க்கும் மற்றவர்களுக்கு நான் எந்தப் படியில் நின்று சொல்வது?

6. துக்கம் என்று எழுதிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. அவன் கடைசியாக எழுதியது ஒரு சின்னப் புரோகிராமைப் பற்றி. பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் அதை நம்பி இருந்தனவாம். பார்த்துக்கொண்டவர் ஒரே ஒருவர். களைத்துப்போய், இனி முடியாது என்று எழுதிவிட்டு அவர் விலகிக்கொண்டார். “இப்பதான் எல்லாரும் அவர் பேரைத் தேடறாங்க” என்று எழுதியிருந்தான். அந்தச் சமயம் ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகள் மொத்தமாக வந்து கடையில் குவிந்ததால் என்னால் கருத்து எழுத முடியவில்லை. அவனே கீழே, “பொறியாளர் ஐயா, உங்களைக் கொஞ்ச நாளா காணோமே. நலமா இருக்கீங்களா?” என்று கேட்டிருந்தான். அன்று தட்டின் முன்னால் உட்கார்ந்து, “வயசானவர் அண்ணி, பாவம். தனியா இருக்காரோ என்னவோ” என்றான். நான் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தேன். இன்னும் சில நாள் தவிக்கவிட்டு, பிறகு ஐந்து பேரையும் ஒரே மூச்சில் அவிழ்த்துக் காட்டலாம் என்று திட்டம் வைத்திருந்தேன்.

அதற்குள் காய்ச்சல் வந்தது. “தூங்கி எழுந்தா போதும் அண்ணி, ரீஸ்டார்ட் பண்ண மாதிரி சரியாயிடும்” என்றான். நானும் போர்வையை இழுத்து விட்டேன். மருத்துவமனையில், பேச்சு இருந்த கடைசி நாளில், “பெரியவர் பதில் போட்டாரான்னு பாருங்க” என்றான். போன் என் இடுப்பில்தான் செருகியிருந்தது. “அப்புறம் பார்க்கலாம், இப்ப தூங்கு” என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று மறுநாள் டாக்டர் சொன்னார்.

7. எனவே தாங்கள் அந்தச் சிவப்புப் பட்டையை எடுத்துவிட வேண்டும். போலி என்ற சொல் எங்காவது இருந்தே தீர வேண்டும் என்பது விதியானால் அதை என் தலைமேல் போடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பக்கத்தை அழிக்க வேண்டாம். என் கருத்துகளை மட்டும் நீக்கினாலும் சரிவராது. நீக்கினால் அவன் யாருமில்லாத இடத்தைப் பார்த்து ஐயா ஐயா என்று பேசிக்கொண்டிருப்பது போல ஆகிவிடும். ஐந்து பெயர்களுக்கும் பதிலாக ‘அண்ணி’ என்று மாற்றிவிட்டால் போதும்.

கடைசியாக, பூட்டை ஒரு பத்து நிமிடம் திறந்துவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நலமா என்று அவன் கேட்டதற்கு இன்னும் பதில் போகவில்லை. நலம் என்று எழுத மாட்டேன், அவனிடம் போதுமான அளவு புளுகிவிட்டேன். “அது நான்தான்டா” என்று மட்டும் எழுத வேண்டும். ஒற்றை விரல் என்பதால்தான் பத்து நிமிடம் கேட்கிறேன்.

இடம்: சலவைக்கடை மாடி
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் கருணையை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
கொட்டாவியின் அண்ணி

பின்குறிப்பு: இந்த மனுவை முதலில், என் சொந்தப் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்கி, தங்கள் இணையதளம் வழியாகவே அனுப்பினேன். கை தவறி, அது நூலகத்தின் இரண்டாம் மாடிக் குடிதண்ணீர் இயந்திரம் பழுதுபட்டுள்ளது என்ற அறிவிப்பின் கீழ்க் கருத்தாகப் போய் உட்கார்ந்துவிட்டது. முழு மனுவும் அங்கே இருக்கிறது. அதற்குக் கீழே ஒருவர், தண்ணீர் எப்போது வரும் என்று என்னைக் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது என்று பதில் எழுதிவிட்டேன்.