உம்மா பார்க்கும் சாப்பாட்டுச் சேனல்

இரத்தோட்டை,
ரமழானின் கடைசிப் பத்து நாள்.

அன்பு மகள் நுஸ்லாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் அன்ஸாரும் மெல்பர்னில் நோன்புகளை நல்லபடியாகப் பிடித்து வருவீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம், அதற்கு மேல் நல்ல சொல் கிடைக்கவில்லை. போனில் பேசினால் பக்கத்து அறையில் உன் உம்மாவுக்குக் கேட்டுவிடும், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். போன கிழமை கண்டி கிளினிக்கில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒப்பரேஷன் செய்த தொண்டையால் இனி விழுங்க முடியாது, கடைசி வரைக்கும் வயிற்றுக் குழாயால்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டார். உம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்ப இனி என்ட சாப்பாடு டீவீலதானா என்று அந்தக் கரகரத்த குரலில் அவரே கேட்டார்.

டிஷ்ஷில் வருகிற அந்தச் சமையல் சேனலை நிறுத்தச் சொன்னாய். சாப்பிட முடியாத ஆளுக்கு முன்னால் நாள் முழுக்க ஜப்பான்காரனும் தாய்லாந்துக்காரனும் சமைத்துத் தின்றுகாட்டுவது கொடுமை என்றாய். எனக்கும் அப்படித்தான் பட்டது, அதனால் டிஷ் கார்ட்டில் காசு முடிந்தபோது ரீலோட் பண்ணாமல் விட்டேன். உம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கஞ்சியைக் கரைத்துக் குழாயில் ஊற்றப் போனால் என் கையைத் தள்ளிவிட்டார், பகலும் அப்படி, இரவும் அப்படி. ஒரு உதாரணம் சொல்கிறேன் மகள். கால் முறிந்த பிள்ளையை விளையாட்டு நேரத்தில் வகுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் நோவு குறையாது, மைதானத்து ஓரத்தில் உட்காரவைத்தால் கத்திக்கொண்டாவது இருக்கும். விடிந்ததும் ரீலோட் பண்ணினேன். திரையில் ஒருவன் மஞ்சளை அள்ளிக் கொட்டினான். இவன்ட பொஞ்சாதி பாவம், கழுவுற சட்டையெல்லாம் மஞ்சக் கறையாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, உம்மா குழாயை என் பக்கம் நீட்டினார். பன்றி இறைச்சி வந்தால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, போயிட்டா, போயிட்டா என்று கேட்பார்.

இந்த ரமழானை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் நன்மை தேடும் அமல் மட்டுமல்ல. பகலில் எனக்கும் தின்ன ஏலாது, அவருக்கும் ஏலாது, ஒரே கட்டிலில் சாய்ந்து யாரோ சமைப்பதை இரண்டு பேரும் பார்க்கிறோம். மஃரிபுக்கு நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போய் அங்கேயே கஞ்சி குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறேன். மாதம் முடிந்தாலும் அடுத்த மாதத்து ஆறு நோன்பு இருக்கிறது, பிறகு திங்கள் வியாழன் பிடிக்கலாம், ஆனால் பெருநாளன்று நோன்பு பிடிப்பது ஹராம். அந்த ஒரு நாள் பகலில் நான் மட்டும் தின்ன வேண்டும், அதற்குத்தான் பயம். அதை உம்மா கண்டுபிடித்துவிட்டார். பெருநாளைக்குப் பக்கத்து வீட்டு ஹமீமா வட்டிலாப்பம் கொண்டுவருவா, என்ட கண்ணுக்கு முன்னால இருந்து தின்னுங்க, டீவீல உள்ளவங்க வாயில வச்சதும் கண்ண மூடிக்கிட்டு ம்ம் என்று மட்டும்தான் சொல்றாங்க, நீங்க மாஸ்டர்தானே, ருசிய விளங்கப்படுத்துங்க என்று நேற்றுச் சொன்னார். சரி என்றேன்.

ஆனால் மகள், டொக்டர் சொன்ன நாளிலிருந்து என் வாய்க்கு ஒன்றும் ருசிக்கவில்லை. கஞ்சியும் தண்ணீரும் ஒன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் உதாரணம் சொல்லியே பாடம் நடத்திய எனக்கு இதற்கு ஒரு உதாரணமும் வரவில்லை. பொய் சொன்னால் அவர் உடனே பிடித்துவிடுவார். ஆகவே சேனலை வெட்டு என்று இனிச் சொல்லாதே. நான் பெருநாள் தொழுதுவிட்டு வரும்போது உனக்கு அங்கே பகலாகியிருக்கும், நீயும் வட்டிலாப்பம் அவித்து வைத்துக்கொண்டு வீடியோவில் வா. உம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடு. கருப்பட்டி கூடியதா, ஏலக்காய் காணாதா என்று நீ சொல்லு, நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுகிறேன்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் ஆரோக்கியத்தையும் பரக்கத்தையும் தருவானாக. உம்மாவுக்காக துஆ கேள், சுகத்துக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, நோவு குறையவாவது கேள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அவருக்கு முன்னால் அழாதே. அழுகை வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்சத்தையும் சாப்பிடு.

உன் முகத்தைத் தேடும் வாப்பா,
முத்தலிப்