சூடான டிரம்மில் ஊற்றிய தண்ணீர்

இன்று ஆயுத பூஜை, பாய். ராயபுரம் ஷெட்டில் சந்தனமும் எலுமிச்சையும் சேர்ந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. மற்ற நாளெல்லாம் எப்படியோ ஓட்டிவிடுகிறேன். இந்த ஒரு நாள் மட்டும் நீ இல்லாமல் தள்ள முடியவில்லை.

உலகச் சண்டை முடிந்து மிலிட்டரி ஏலத்தில் முதலாளி எடுத்த அந்தப் பச்சை லாரி நினைவிருக்கிறதா? பூஜைக்கு முந்தின வாரம்தான் அதற்கு உன் பட்டறையில் நீ புது பிரேக் லைனிங் அடித்துக் கொடுத்திருந்தாய். பூஜையன்று அத்திப்பட்டிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு, நல்ல நேரம் தப்பிவிடுமே என்று வழியெல்லாம் பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டிவந்தேன். சக்கரம் அனலாய்க் கொதித்தது. பூஜைக்கு மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளி வாளியாய் அதன்மேலேயே ஊற்றினேன். ஆவி எழும்பியதை சாம்பிராணிப் புகை மாதிரி ரசித்தேன், அவ்வளவு புத்திசாலி நான்.

மறுநாள் பிரேக் பெடல் உள்ளங்காலில் துள்ளியது. வண்டியை உன்னிடம் கொண்டுவந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்துப் பார்த்தாய். "செருப்புக்கு இன்னா தெரியும்?" என்பாய். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பிரேக் டிரம்மைக் கையால் சுற்றி, பக்கத்தில் சாக்கட்டியைப் பிடித்தாய். ஓரிடத்தில் கோடு விழுந்தது, ஓரிடத்தில் விழவில்லை. டிரம் வட்டம் கெட்டிருந்தது.

"சூட்டுல தண்ணி பட்டுச்சா, மாமு?"

"இல்லியே பாய்."

இன்னொரு சேதம் என்றால் சாவியை வைத்துவிட்டுப் போ என்று முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் என் மனைவிக்கு நிறைமாதம்.

டிரம்மைக் கழற்றினாய். உள்ளே மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை. முதலாளி வருவதற்குள் தோள் துண்டால் துடைத்தாய். அவர் வந்து உன் லைனிங்கைத் திட்டியபோது, "ஆமாங்க, என் வேலதான் சரியில்ல" என்றாய். திருவொற்றியூர் லேத்தில் டிரம்மைக் கடைந்து வந்து மாட்டினாய், பெடல் அடங்கிவிட்டது. ஆனால் அவருடைய வண்டிகள் எல்லாம் அதோடு வேறு பட்டறைக்குப் போய்விட்டன.

பிறகு நீ காலடிப்பேட்டைக்கு மாறினாய். எத்தனையோ தடவை வந்தேன். டீ சொல்வாய், குழந்தையை விசாரிப்பாய். நான் வாயைத் திறக்கவில்லை. போன மழையில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று பக்கத்து வண்டி டிரைவர் வாளியோடு என் சக்கரத்திடம் வந்தான். டிரம் சுடுகிறது, ஆறட்டும் என்று தடுத்தேன்.

"இது இன்னா, அந்த பாய் அடிச்ச லைனிங்கா, கெட்டுப் போவ?" என்று சிரித்தான்.

ஷெட்டில் பத்து வருஷமாய் ஓடும் கேலி அது. நானும் கூடச் சிரித்திருக்கிறேன். இன்று முதலாளி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"பாய் மேல தப்பு இல்ல. அன்னிக்கு சூட்டுல தண்ணி ஊத்துனது நான்தான்," என்றேன்.

முதலாளி என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு பூஜைத் தட்டைக் கீழே வைத்தார். நாளைக்குச் சாவி என்னிடம் இருக்குமா, தெரியாது. டிரம் ஆறும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ இருந்திருந்தால் ஒரு டீ சொல்லியிருப்பாய்.