நீலச் சட்டையின் பக்கத் தையல்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் மனசுதான் ஒரு நிலையில் இல்லை.

பக்கத்து இஸ்திரிக்கடை மாமா போய்விட்டார் என்று போனில் சொன்னேனே, முழுசாகச் சொல்லவில்லை. துணி மூட்டையோடு ரோட்டைக் கடக்கும்போது ஒரு வேன் அடித்துவிட்டது, பட்டப்பகலில், என் தையல் மெஷினுக்கு நேர் எதிரே. டிரைவருக்கு உன் வயசுதான் இருக்கும், ரோட்டிலேயே உட்கார்ந்து "பிரேக் பிடிச்சேன்க்கா, பிடிச்சேன்க்கா" என்று என்னிடம் அழுதான். எல்லாரும் வேகமாக வந்தான் என்றார்கள், போலீஸ் கேட்டபோது நானும் கண்ணால் பார்த்தேன், பறந்து வந்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மற்றவர்கள் கையெழுத்து என்றதும் நழுவிவிட்டார்கள், இப்போது சாட்சி நான் ஒருத்திதான். கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று ஆனால் வருஷக்கணக்கில் ஜெயிலாம், மாமாவே திடீரென்று குறுக்கே வந்தார் என்றால் ஒன்றுமில்லையாம், வக்கீல் சொல்கிறார்.

பாவி நான், நாலாம் நாள்தான் உனக்குத் தைத்துக்கொண்டிருந்த நீலச் சட்டையை மறுபடி எடுத்தேன். பக்கத் தையல் அக்குளிலிருந்து கோடு போட்டதுபோல் நேராக வந்து, பாதியில் சடாரென்று கோணி ஓடியிருக்கிறது. சத்தம் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்ட இடம் அது. அப்படியென்றால் அதுவரை என் கண் துணியில்தானே இருந்திருக்கிறது? ரோட்டைப் பார்த்துக்கொண்டு யாரால் அப்படித் தைக்க முடியும்? ஆனால் கண்ணை மூடினால் வேன் பறந்து வருவது தெரிகிறதப்பா. பார்த்தேனா, ஊர் சொன்னதைப் பார்த்ததாக நினைக்கிறேனா, எனக்கே விளங்கவில்லை. அப்பா "எல்லாரும் சொன்னதைத்தானே சொன்னே, சும்மா குழப்பிக்காதே" என்கிறார், அவருக்கென்ன, கூண்டில் ஏறப்போவது நானல்லவா. மாமாவின் வீட்டு அத்தை தினமும் வந்து "நீங்க பார்த்தீங்க அண்ணி, அது போதும் எனக்கு" என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளிடம் என்னவென்று சொல்வேன்? பார்க்கவில்லை என்று சொன்னால், அவன் நிஜமாகவே வேகமாக வந்திருந்தால் என் வாயாலேயே தப்பிவிடுவானே. பார்த்தேன் என்றே சொல்லி, அவன் வேகமாக வராமல் இருந்திருந்தால்?

வியாழக்கிழமை கோர்ட். அந்தத் தையலைப் பிரித்துவிட மூன்று தரம் பிளேடை எடுத்தேன், கை வரவில்லை. அதனால் உன் சட்டை இந்த முறை வராது, கோபித்துக்கொள்ளாதே, கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் பையில் வைத்துவிட்டேன். பார்த்தாயா என்று கேட்டால் அதை எடுத்து நீட்டுவேன். அதற்கப்புறம் அத்தை முகத்தில் எப்படி விழிப்பேனோ தெரியவில்லை.

நீ நீண்ட ஆயுசோடு சுகமாக இரு. லைசென்ஸ் எடுத்திருக்கிறாயாமே, மெதுவாக ஓட்டு, மறக்காதே. அந்த டிரைவர் பையனுக்கும் அவன் அம்மா இதைத்தான் சொல்லியிருப்பாள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா