பப்ளிக்கில் கிடந்த ஆறு நாட்கள்

மார்ச் 3, திங்கள்

எழுபது முதல் எழுபத்தொன்பது வரை பக்கம் அமைத்து ஃபோல்டரில் போட்டேன். மாலைக்குள் தங்கை பிழை திருத்தித் திருப்பிப் போட்டுவிட்டாள். ஃபோல்டர் என் கணினியில் இருக்கிறது; மாடியில் இருக்கும் அவள் வீட்டு வைஃபை வழியாகவே எடுத்துக்கொள்வாள். பதின்மூன்று வருடமாகப் பள்ளிப் பாடநூல்களோடு மாரடிக்கிறோம். நான் பக்கம் அமைப்பவள், அவள் மெய்ப்புப் பார்ப்பவள்.

இரண்டு மாதமாக எங்களுக்குள் போக்குவரத்து இந்த ஃபோல்டர் ஒன்றுதான். வெளியூர் அச்சகத்தில் பெரிய வேலை வந்திருக்கிறது என்று அவள் சொன்ன அன்று, "போறதுன்னா போ, இங்க இருந்து நீ என்ன கிழிச்ச?" என்று கேட்டுவிட்டேன். என் நாக்கில் சனி. மறுநாளே அவள் அடுப்பு தனி, என் அடுப்பு தனி. நடுவில் பதினெட்டுப் படிகள்.

மார்ச் 5, புதன்

எழுபத்தாறாம் பக்க ஓரத்தில் அவள் குறிப்பு: "இங்கே ஒற்று விட்டுப்போச்சு. கண்ணாடியை மாத்துக்கா."

அக்கா என்று எழுதியிருக்கிறாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. அதை நான்கு முறை படித்தேன். ஐம்பது வயதில் எனக்கு வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

மார்ச் 8, சனி

நேற்று எண்பது முதல் எண்பத்தொன்பது வரை எடுத்துப் போனாள்.

வைஃபை பெட்டி செத்துப்போய், நெட்காரர் மதியம் வந்து புதிது மாட்டினார். மாடிக்கும் போய்ப் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு வந்தார். அவர் போனபிறகு கணினித் திரையில் ஏதோ கேட்டது: இந்த வைஃபை பப்ளிக்கா, பிரைவேட்டா. அடுப்பில் பால். பப்ளிக் பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று இருந்தது, அமுக்கித் தொலைத்தேன். பால் அப்படியும் பொங்கிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

எண்பதுகள் திரும்பி வரவில்லை. நான் போட்ட தொண்ணூறுகளை அவள் தொடவே இல்லை.

வேலையிலுமா வீம்பு? என்னோடு பேச வேண்டாம், சரி. பக்கங்கள் என்ன பாவம் செய்தன?

மார்ச் 11, செவ்வாய்

ஆறு மணி இருக்கும். படியில் செருப்புச் சத்தம். அவள்தான், இடது காலைக் கொஞ்சம் தேய்த்து நடப்பாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன், மூச்சுக்கூட விடாமல். பாதிப் படி வரை வந்தாள். நின்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

கதவைத் திறந்தால் குறைந்தா போய்விடுவேன்? திறக்கவில்லையே.

மார்ச் 12, புதன்

இன்றும் வரவில்லை. போகட்டும் — ஏன் போகட்டும்? எனக்கு அவள் குரலைக் கேட்க வேண்டும். திட்டினாலும் சரி.

மார்ச் 13, வியாழன்

பதிப்பாளர் போன் செய்தார். "என்னம்மா, எண்பதாம் பக்கத்துலயே வீடு கட்டிட்டீங்களா?"

மானம் போனது. நானே மெய்ப்புப் பார்த்துவிடலாம் என்று அச்செடுக்கப் போனால், கூடத்துப் பிரிண்டரையும் கணினி காட்டவில்லை. நெட்காரரை வரச் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

நெட்காரர் உட்கார்ந்த உடனே சிரித்தார். "பப்ளிக்ல போட்டு வச்சிருக்கீங்கம்மா. ஏதோ பொது இடத்துல இருக்கோம்னு கணினி நினைச்சுக்கும். பஸ் ஸ்டாண்டுல பையை இறுக்கிப் பிடிச்சுக்குவோம்ல, அந்த மாதிரி. இது யாரையும் உள்ள விடாது, யாரையும் பார்க்கவும் பார்க்காது. வீட்டுக்குள்ள எதுக்கு இது? பிரைவேட்ல போட்டாத்தான் வீட்டு மனுஷங்க வர முடியும்." செட்டிங்ஸ், நெட்வொர்க், எங்கள் வைஃபை பெயர், பிரைவேட். தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"அப்ப மாடியில இருக்கறவளுக்கு இந்த ஃபோல்டர்?"

"ஆறு நாளா திறந்திருக்காதும்மா."

அவர் போய் அரை மணியில் எண்பதுகள் வந்து விழுந்தன. எண்பத்துநான்காம் பக்கம், ஆறுகள் பற்றிய பாடம். ஓரத்தில், பிழைத்திருத்தம் எதோடும் சேராமல்:

"பன்னிரண்டாம் தேதிக்குள்ள அச்சகத்துக்குப் பதில் சொல்லணும். நீ சொல்லுக்கா. போகவா, வேண்டாமா?"

எழுதிய தேதி மார்ச் எட்டு, மாலை.

இன்று பதினான்கு.

எப்படிப் படி ஏறினேன் என்று தெரியாது. கதவைத் தட்டக்கூட இல்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"கையெழுத்துப் போட்டாச்சுக்கா. புதன்கிழமையே."

"நான் இன்னிக்குத்தான்டி பார்த்தேன்!"

"ஃபோல்டர் திறக்கல. நாலு நாள் முட்டிப் பார்த்தேன். அக்கா பூட்டிட்டா, அதுதான் பதில்னு எடுத்துக்கிட்டேன். பக்கமாவது போய்ச் சேரட்டும்னு இன்னிக்கு மறுபடி தட்டினேன், திறந்துச்சு."

"பூட்டலடி. ஏதோ கேட்டுச்சு, அமுக்கிட்டேன். படிக்கல."

"நீயா? படிக்காமயா?" சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு கமாவுக்காகப் பதிப்பாளரோடு மல்லுக்கு நிற்கிற அக்கா. சிரித்துக்கொண்டே வந்தவள் அப்படியே அழுதாள். நானும்தான். இரண்டு கிழவிகள் கட்டிலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினோம்.

"செவ்வாய்க்கிழமை பாதிப் படி வந்தியேடி. மீதியையும் இறங்கறதுக்கு என்ன?"

"நீ கதவைத் திறப்பேன்னு நின்னேன்."

அன்று சொன்னது தப்பு என்று சொன்னேன். தெரியும் என்றாள். இப்போது பக்கங்களை அனுப்பும்போது அந்தக் கேள்வியை அழித்திருக்கலாமே என்றேன். "எதுக்கு? கேட்டது கேட்டதுதானே."

பிறகு அந்த வேலையைப் பற்றிச் சொன்னாள். அவளுக்குக் கீழே ஆறு பேர். தனி மேஜை. அகராதி ஒன்று புதிதாகத் தயாராகிறதாம், முதல் எழுத்திலிருந்து அவள்தான் பார்க்கப் போகிறாள். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே! பதின்மூன்று வருடத்தில் என் பாடநூல்களைப் பார்த்து அந்த முகம் ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

"இப்பச் சொல்லுக்கா. முடியாதுன்னு இன்னமும் எழுதிப் போட்டுடலாம். போகவா?"

"போடி. நல்ல வேலை."

என் வாய் சொன்னது அது. தொண்டையில் வேறொன்று இருந்தது, விழுங்கிவிட்டேன்.

மார்ச் 22, சனி

இப்போது ஒரே அடுப்பு. உப்பு போதாது என்று அவள், கையைக் கழுவிவிட்டுப் பேசு என்று நான். இந்தச் சண்டைக்காகத்தானா இரண்டு மாதம் ஏங்கினேன்? ஆமாம்.

பக்கங்களை இன்னமும் ஃபோல்டரில்தான் போடுகிறோம். மாடியிலிருந்து கத்துகிறாள்: "அக்கா, நூற்றிரண்டு போட்டாச்சு!" நானும் கத்துகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் நேற்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 30, ஞாயிறு

போய்விட்டாள். பெரிய பெட்டியை நான்தான் இறக்கினேன், தொட விடவில்லை. வண்டி கிளம்பும்போது ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். கண்ணாடியை மாற்று என்று அவள்தான் சொன்னாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

போன் செய்தாள். நன்றாக இருக்கிறாள். நான் கேட்காமலே மூன்று தடவை சொன்னாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

புத்தகம் முடிந்தது. கடைசி வேலையாக ஓரக் குறிப்புகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். முந்நூறுக்கு மேல் இருக்கும், எல்லாம் அவள் எழுதியவை. ஒற்று, கமா, பத்தி உடை, படம் தலைகீழ். எண்பத்துநான்காம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

அவள் கேள்விக்குக் கீழே 'போகாதே' என்று தட்டிச் சேமித்தேன்.

திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இரண்டையும் அழிக்க வேண்டும்.